"தனியார் இடம்" என்ற பதிலை ஏற்க இயலாது: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடு குறித்து நாங்கள் அளித்த புகாருக்குச் சென்ற வாரம் பதில் வந்தது. "மேற்படி இடம் தனியாருக்குச் சொந்தமானது; வாரிசுதாரர்களுக்கிடையே வழக்கு நிலுவையில் இருப்பதால் நடவடிக்கை எடுக்க வழிவகை இல்லை; மனு முடித்துவைக்கப்படுகிறது" என்பது அதன் சாரம். இதே வீட்டைப் பற்றி முன்பு அளித்த புகார்கள் "தீர்வு காணப்பட்டது" என்ற குறிப்போடு முடிக்கப்பட்டபோது, ஏதோ கவனக்குறைவு நேர்ந்திருக்கும் என்று எண்ணி மீண்டும் மனு எழுதினோம். இம்முறை வந்திருப்பது கவனக்குறைவு அன்று. யோசித்து எடுத்த முடிவு. வழிவகை இல்லை என்று மாநகராட்சியே எழுத்தில் சொல்லிவிட்டால், அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் யாரிடம் போவது? வழிவகை இருக்கிறது என்பதைத் தங்கள் முன்னும், இதே நிலையில் இருக்கும் மற்றத் தெருக்காரர்கள் முன்னும் வைக்கவே இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

அந்த வீட்டைக் கட்டிய பெரியவரும் அவர் மனைவியும் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். வீடு பூட்டப்பட்டு, பின்கட்டின் ஓடுகள் சரிந்து உள்ளே விழுந்துவிட்டன. முன்வாசலில், சுற்றுச்சுவருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிணற்றுக்கு மூடி இல்லை. மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் போய்விட்டதால் ஒவ்வொரு மழையிலும் அது நிரம்புகிறது; திறந்துவிட ஆள் இல்லை. கொல்லை முழுவதும் சீமைக்கருவேலும் எருக்கும் மண்டி, அங்கிருந்து பாம்புகள் அடுத்த வீட்டுக் குளியலறை வரை வருகின்றன. தீயணைப்புத் துறையினர் வந்து ஒரு கண்ணாடி விரியனைப் பிடித்துச் சென்றதும் உண்டு. தெருவை ஒட்டிய சுவர் நடுவில் விரிந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அந்த விரிசலுக்குள் என் கையைப் பக்கவாட்டில் மணிக்கட்டு வரை நுழைக்க முடிகிறது. தெருமுனையில் உள்ள தொடக்கப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், எதிர்ப்பக்கம் வடிகால் திறந்து கிடப்பதால், இந்தச் சுவரை ஒட்டியே நடந்து போகிறார்கள்.

குப்பையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உடைந்த கேட் வழியாக உள்ளே குப்பை வீசுபவர்களில் எங்கள் தெருவைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். இரவில் கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும் வண்டிகளும் உண்டு. இவர்களுக்கு அபராதம் விதித்தால் நாங்கள் யாரும் பரிந்துபேச வரமாட்டோம். ஆனால் கேட்பாரற்ற இடம் என்று ஊருக்கே தெரிந்துவிட்ட ஒரு மனையில், கொட்டுபவர்களைத் தேடிப் பிடிப்பது மட்டுமே தீர்வாகிவிடாது. இடத்துக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்பது முதலில் நிலைநாட்டப்பட வேண்டும்.

சென்ற வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அந்த வீட்டுக்கு அடுத்த வாடகை வீட்டில் இருந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்கு டெங்கு வந்தது. தட்டணுக்கள் குறைந்து அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள்; பிழைத்துவிட்டாள். தகவல் கிடைத்ததும் சுகாதாரப் பிரிவினர் மறுநாளே தெருவுக்கு வந்தார்கள். அந்த விரைவை மதிக்கிறேன். வீடு வீடாகப் பார்த்து, புகை மருந்து அடித்து, அந்தச் சிறுமியின் வீட்டு ஃபிரிட்ஜின் பின்தட்டில் தேங்கியிருந்த நீரில் புழு இருந்ததென்று, மகளை மருத்துவமனையில் விட்டுவிட்டுத் துணி எடுக்க வந்திருந்த அந்தத் தாயிடம் 500 ரூபாய் அபராதம் வசூலித்தார்கள். அது விதிப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தட்டில் இருந்த நீரைப்போல ஆயிரம் மடங்கு நீர், சுவருக்கு அந்தப் பக்கம் மூடியில்லாத தொட்டியிலும் கிணற்றிலும் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்க ஒருவரும் உள்ளே போகவில்லை.

உள்ளே போகாததற்கான சான்று அந்த வீட்டின் கேட் தூணிலேயே இருக்கிறது. கொசு ஒழிப்புக்காக வரும் டி.பி.சி. பணியாளர்கள் (வீடுகளில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள்) ஒவ்வொரு சுற்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் தேதியைக் குறித்து, பக்கத்தில் "பூட்டு" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பழைய தேதிகள் மழையில் கரைந்து, அவற்றின்மேல் புதிய தேதிகள் ஏறியிருக்கின்றன. எல்லாவற்றின் பக்கத்திலும் அதே சொல். நான் அந்தப் பணியாளர்களைக் குறை சொல்லவில்லை. நாள்கூலிக்கு வேலை செய்யும் அந்தப் பெண்கள் வெயிலில் ஒவ்வொரு வீட்டுத் தொட்டியையும் ஏறிப் பார்த்து மருந்து ஊற்றுகிறார்கள். பூட்டை உடைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதிகாரம் உள்ளவர்களின் மேசைக்கு அந்த "பூட்டு" என்ற சொல் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்திருந்தால் அதன்மேல் என்ன உத்தரவு போடப்பட்டது என்பதே என் கேள்வி. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதன் முட்டைகள் நீர் வற்றிய பிறகும் பல மாதங்கள் தொட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். பிறந்த இடத்திலிருந்து அது பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. அப்படியானால், தெருவில் எல்லா வீட்டையும் வாராவாரம் பார்த்துவிட்டு ஒரு வீட்டை மட்டும் விட்டுவிடும் ஏற்பாட்டில், மற்ற வீடுகளில் செய்த வேலையும் சேர்ந்தே வீணாகிறது.

டெங்கு வந்த அந்தச் சிறுமியின் குடும்பம் பொங்கலுக்கு முன்பே வீட்டைக் காலிசெய்துகொண்டு போய்விட்டது.

ஆணையர் அவர்களே, இந்த ஒரு வீடு தங்கள் அலுவலகத்தில் எத்தனை துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். குப்பை என்றால் சுகாதார ஆய்வாளர், கொசு என்றால் வேறொரு பிரிவு, சுவர் என்றால் நகரமைப்புப் பிரிவு, மாலையில் உள்ளே உட்கார்ந்து குடிப்பவர்கள் என்றால் காவல் நிலையம். ஒவ்வொருவரும் தமக்கு வந்த துண்டுக்கு ஏதோ ஒன்றைச் செய்துவிட்டு மனுவை முடிக்கிறார்கள். வாசலில் கிடந்த குப்பை ஒருநாள் அள்ளப்பட்டது. அதைப் படமெடுத்து ஏற்றியதும் அந்தப் புகார் தீர்ந்தது. புகை அடிக்கப்பட்டது, அதுவும் தீர்ந்தது. நகரமைப்புப் பிரிவிலிருந்து வந்தவர் சுவரைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு, உரிமையாளர் முகவரி கிடைத்தால் அறிவிப்பு அனுப்பலாம் என்றார். புகார்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீர்ந்துகொண்டே இருக்க, வீடு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகிறது. புகார் எண்ணுக்குத்தான் கோப்பு இருக்கிறது, அந்த வீட்டுக்கு இல்லை. ஒரே இடத்தைப் பற்றித் திரும்பத் திரும்பப் புகார் வருகிறது என்ற உண்மை, இந்த ஏற்பாட்டில் யார் கண்ணிலும் படுவதற்கு வழியில்லை. மாநகராட்சியின் உண்மையான குறை இதுவே என்று நான் கருதுகிறேன். ஊழியர்களின் சோம்பலையோ நிதிப் பற்றாக்குறையையோ இதற்குப் பிறகுதான் பேச வேண்டும்.

முகவரி தெரியவில்லை என்ற காரணத்தையும் பார்ப்போம். அந்த வீட்டுக்குச் சொத்து வரி ஒரு தவணைகூட நிலுவையில்லை என்று வரி வசூலிக்க வருபவரே எங்களிடம் சொன்னார்; இணையவழியில் ஒழுங்காகச் செலுத்தப்படுகிறதாம். 2022-இல் தமிழகம் முழுவதும் சொத்து வரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டபோது அந்த வீட்டுக்கும் சேர்த்தே உயர்ந்திருக்கும். வரி கட்டுபவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் தங்கள் வருவாய்ப் பிரிவின் கணினியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமையாளர் பெயராவது பத்திரப் பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றிலும் நகர நில அளவைப் பதிவேட்டிலும் இருக்கும். இருக்கும் வழக்கிலேயே எல்லா வாரிசுகளின் பெயரும் முகவரியும் பட்டியலாக இருக்கிறதே! வழக்கு இருப்பதாகத் தெரிந்துகொண்ட அலுவலகத்துக்கு அந்த வழக்கில் யார் யார் தரப்பினர் என்று தெரிந்துகொள்வது கடினமாக இருக்க முடியாது.

அடுத்தது, வழக்கு இருப்பதால் கைவைக்க முடியாது என்ற வாதம். அந்த வழக்கு யாருக்கு எத்தனை பங்கு என்பதைப் பற்றியது. தொட்டியில் மருந்து ஊற்றக் கூடாதென்றோ, சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுக்கக் கூடாதென்றோ நீதிமன்றம் தடை விதித்திருந்தால் அந்த உத்தரவின் நகலைக் காட்டுங்கள். நாங்கள் அந்த நீதிமன்றத்தையே அணுகுகிறோம். அப்படி ஒரு தடை இருப்பதாகத் தங்கள் பதில் சொல்லவில்லை. சொத்து யாருடையது என்று முடிவாகும் வரை அந்தச் சொத்தால் விளையும் தீங்கை ஊர் சகித்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

சட்டம் கூறுவது இதற்கு நேர்மாறானது. 1939-இலேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டு, இன்றும் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டமாக நடைமுறையில் இருக்கிறது. தொல்லைகளை அகற்றுவதற்கு அதில் ஓர் அத்தியாயம் உண்டு. கொசு ஒழிப்புக்கென்றே தனியாக இன்னோர் அத்தியாயமும் உண்டு. தனியார் வளாகத்துக்குள் சென்று ஆய்வு செய்யும் அதிகாரத்தைச் சுகாதார அலுவலர்களுக்கு அது தந்திருக்கிறது. 2017-இல் டெங்கு பரவியபோது தனியார் நிறுவனங்களுக்கும் கட்டுமான இடங்களுக்கும் உள்ளே புகுந்து ஆய்வு செய்து அபராதம் விதித்தது தமிழக உள்ளாட்சி அமைப்புகள்தாம். அப்போது தனியார் இடம் என்று யாரும் தயங்கவில்லை. அந்த ஆண்டு தமிழகத்தில் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டறியப்பட்டது. 65 பேர் இறந்ததாக அரசுக் கணக்கே சொன்னது. இறப்புகள் செய்தியான பிறகு பயன்படுத்தும் அதிகாரத்தை, அதற்கு முன்பே பயன்படுத்துங்கள் என்று கேட்பது மிகையான கோரிக்கையா?

சுவர், கிணறு ஆகியவற்றுக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்தது 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் வழங்குகிறது. இடிந்து விழுந்து வழிப்போக்கருக்கோ அக்கம்பக்கத்தாருக்கோ தீங்கு செய்யக்கூடிய கட்டடத்தை அகற்றவோ செப்பனிடவோ தாங்கல் கொடுக்கவோ, பொதுவழியை ஒட்டிய கிணற்றைச் சுற்றி வேலியிடவோ, உரிமையாளருக்குக் கோட்டாட்சியர் உத்தரவிடலாம். மறுத்தால், அந்த வேலையைச் செய்வித்து, செலவை உரிமையாளரிடமே வசூலிக்க 160-ஆம் பிரிவு வழிசெய்கிறது. 152-ஆம் பிரிவின் கீழ் முறைப்படி பிறப்பித்த உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாக்க முடியாது என்பதும் அந்தப் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

பணம் இல்லை என்று சொல்லப்படுமானால், அதற்கும் விடை 1980-லேயே வந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில், திறந்த சாக்கடையும் ஆலைக் கழிவும் தாங்காமல் ஒரு தெருவின் மக்கள் நீதிமன்றம் போனார்கள். வடிகால் கட்டத் தன்னிடம் நிதி இல்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. மக்களின் மானமும் கண்ணியமும் உள்ளாட்சியின் முதல் பொறுப்பு, நிதி நெருக்கடியைக் காட்டி அதிலிருந்து நழுவ முடியாது என்று அத்தீர்ப்பு வகுத்தது. ரத்லத்து மக்கள் பயன்படுத்தியது அதே 133-ஆம் பிரிவைத்தான். எங்கள் தெருவுக்குத் தேவைப்படுவதோ வடிகால் திட்டம் அளவுக்குப் பெரிய செலவும் அல்ல.

சுவரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2019 டிசம்பர் 2 விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் ஊறி, அதை ஒட்டியிருந்த அருந்ததியர் குடியிருப்பின்மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டிருந்தோம் என்று அங்கிருந்தவர்கள் கதறியதை நாடே கேட்டது. அந்தச் சுவருக்குப் பின்னால் சாதி இருந்தது. எங்கள் தெருச் சுவரின் கதை வேறு. ஆனால் தனியார் சுவர் என்பதால் முறையீடு ஓரிடத்தில் நின்றுபோவது இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. இறந்த பின் உரிமையாளரைக் கைதுசெய்யச் சட்டம் விரைந்தது. சுவர் நிற்கும்போதே விரைய வேண்டும் என்பதே எங்கள் மன்றாட்டு.

நடவடிக்கை என்று நாங்கள் கேட்பது யார்மேல் என்பதையும் தெளிவாக்க விரும்புகிறேன். அந்த வீட்டுத் திண்ணையில் காகிதம் பொறுக்கும் முதியவர் ஒருவர் இரவில் படுத்துக்கொள்வார். நாங்கள் காவல் நிலையத்தில் குடிகாரர்களைப் பற்றிப் புகார் சொன்னபோது, நடந்தது அந்த முதியவரை விரட்டியது மட்டுமே. தொல்லை தரும் சொத்துகள்மேல் கடுமை காட்டும்போது, அந்தக் கடுமை எளியவர் தலையில் விழுவது பல ஊர்களில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நாரிஸ்டவுன் என்ற ஊர், ஒரு வீட்டுக்குக் காவலர்கள் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டால் அதைத் தொல்லை வீடாகக் கருதி வாடகைக்கு விடும் உரிமத்தையே பறிக்கலாம் என்று விதி வகுத்தது. காதலனிடம் அடிபட்ட ஒரு பெண், காவலரை அழைத்தால் வீடு போய்விடும் என்று அஞ்சி வாய்மூடி இருக்க நேர்ந்தது. அவர் வழக்குத் தொடுத்து, 2014-இல் அந்த ஊர் விதியைக் கைவிட்டு இழப்பீடும் கொடுத்தது. அதே மாநிலத்தின் பிலடெல்பியா நகரமோ 2011 முதல், ஆளில்லாத கட்டடங்களுக்கு ஒழுங்கான கதவும் சன்னலும் பொருத்தும் கடமையை உரிமையாளர்மேல் சுமத்தி, பொருத்தாத ஒவ்வொரு திறப்புக்கும் நாளொன்றுக்கு 300 டாலர் வரை அபராதம் வைத்தது. விதிக்குக் கட்டுப்பட்ட கட்டடங்களைச் சுற்றித் துப்பாக்கித் தாக்குதல்கள் குறைந்ததாக 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நாங்கள் கேட்பது இரண்டாவது வகை. பொறுப்பு சொத்தின் மீதும் அதன் உரிமையாளர் மீதும் இருக்கட்டும். அந்த முதியவருக்கு மாநகராட்சியின் இரவுக் காப்பகத்தில் ஓர் இடம் கொடுங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை. சென்ற வாரம் முடித்துவைத்த மனுவை மீண்டும் திறந்து, "வழிவகை இல்லை" என்ற பதிலைத் திரும்பப் பெற வேண்டும். சுகாதாரம், நகரமைப்பு, வருவாய் ஆகிய மூன்று பிரிவுகளின் அலுவலர்களும் ஒரே நாளில் சேர்ந்து அந்த இடத்தைப் பார்வையிட வேண்டும். பார்வையிடும் நாளைத் தெருவுக்கு முன்கூட்டியே தெரிவித்தால் நாங்களும் உடனிருப்போம். தொட்டி, கிணறு இரண்டிலும் உடனே மருந்து ஊற்றி வலை கட்டி மூடுவதற்கு எந்த வாரிசின் கையொப்பத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. அக்டோபரில் பருவமழை தொடங்கும் முன் அது முடிந்தாக வேண்டும். சுவர் நிலையைப் பொறியாளர் எழுத்தில் பதிவு செய்து, அந்த அறிக்கையோடு 152-ஆம் பிரிவின் கீழ் நடவடிக்கை கோரிக் கோட்டாட்சியருக்கு மாநகராட்சியே கடிதம் அனுப்ப வேண்டும். நாங்களும் தனியாக மனு கொடுக்கிறோம். ஆனால் மாநகராட்சிப் பொறியாளரின் அறிக்கைக்கு இருக்கும் எடை எங்கள் கையொப்பங்களுக்கு இராது. அதுவரை பள்ளிப் பிள்ளைகள் ஒதுங்கி நடக்கத் தடுப்பு வையுங்கள். எதிர்ப்பக்க வடிகாலை மூடிவிட்டால் அவர்கள் அந்தப் பக்கமே போய்விடுவார்கள்.

எங்கள் தெருவோடு முடியாத கோரிக்கை ஒன்றும் உண்டு. சொத்து வரி எண்ணை அடிப்படையாக வைத்து, ஓராண்டில் மூன்று முறைக்கு மேல் புகார் வந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே கோப்பு திறக்க உத்தரவிடுங்கள். டி.பி.சி. பணியாளர்கள் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளில் "பூட்டு" என்று எழுதிய இடங்கள் தாமாகவே அந்தக் கோப்பில் சேரட்டும். அந்தக் கோப்புக்கு ஒரு பொறுப்பு அலுவலர் இருக்கட்டும். இடம் சீராகும் வரை அதை மூடும் அதிகாரம் எந்தத் தனிப் பிரிவுக்கும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வார்டின் பட்டியலையும் பகுதி சபைக் கூட்டத்தில் மாமன்ற உறுப்பினர் முன்னிலையில் வாசிக்கச் செய்யுங்கள். வாரிசுகள் யாராவது முன்வந்து இடத்தைச் சுத்தம் செய்தால் அதையும் அதே கூட்டத்தில் பதிவு செய்யலாம்.

இந்த மடலுக்கு, பொறுப்பு அலுவலரின் பதவியையும் பார்வையிடும் தேதியையும் குறிப்பிட்டு, 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டுகிறேன். நகல்களை மாமன்ற உறுப்பினருக்கும் கோட்டாட்சியருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அந்தச் சுவரை ஒட்டி நடக்கும் தெருவாசிகளில் ஒருவர்